பழைய பொலேரோ பிக்கப்: கேபின் ரப்பர் மாற்ற வேண்டும், தடைக்காலத்துக்குள் முடியுமா?

மண்டபம் மீன்வண்டி:

எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது 2011 மாடல் பொலேரோ பிக்கப், ஒற்றை கேபின். ராமேஸ்வரம், பாம்பன், மண்டபம் பக்கம் மீன் ஏற்றி மதுரைக்குப் போகிற வண்டி. அப்பா எட்டு வருடம் ஓட்டினார், அப்புறம் நான். 2523 சிசி எஞ்சின் இன்னும் ஒரே சாவித் திருப்பலில் எழும்புகிறது, புகை கிடையாது. தொல்லை கேபினில்தான்.

பாம்பன் ரோட்டுப் பாலத்தில் இணைப்பு வருகிற ஒவ்வொரு இடத்திலும் என் சீட்டுக்குப் பின்னால் ‘டொக்’ என்று ஓர் அடி விழுகிறது. முதலில் வெறும் வண்டியில் மட்டும் கேட்டது, இப்போது லோடு இருந்தாலும் கேட்கிறது. வேகத்தடையில் ஒரு சக்கரம் மட்டும் ஏறினால் கேபின் சாய்ந்து, அரை நொடி கழித்துத் திரும்ப உட்காருவது உடம்புக்கே தெரிகிறது. டிரைவர் பக்கக் கதவைத் தூக்கிச் சாத்தினால்தான் பூட்டுகிறது. ரிவர்ஸ் போடும்போது கியர் லிவர் தரைத் தகட்டின் விளிம்பில் உரசுகிறது.

சாக்கு விரித்துக் கீழே படுத்து டார்ச் அடித்துப் பார்த்தேன். கேபினுக்கும் சேஸுக்கும் (அடிச்சட்டம்) நடுவே இருக்கும் ரப்பர்களில், டிரைவர் பக்கம் பின்னால் உள்ளது ஓரமெல்லாம் வெடித்து, நசுங்கிப் பிதுங்கி நிற்கிறது. போல்ட் தலை துருப்பிடித்து உருண்டையாகிவிட்டது. முன்பக்க ரப்பர்கள் பார்வைக்குப் பரவாயில்லை.

ஒரு பட்டறையில், “புது ரப்பர் புஷ் எல்லாம் எதற்கு, பழைய டயரை வெட்டிச் சொருகி போல்ட்டை இறுக்கிவிடலாம், 500 ரூபாய் கொடுங்கள்” என்றார்கள். இன்னொரு இடத்தில் கேபினையே கழற்றி இறக்க வேண்டும், 12,000 ஆகும் என்றார்கள். இரண்டுக்கும் நடுவில் வழி இருக்கிறதா? ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், வண்டிக்கு வேலை குறைவு. அப்போது வீட்டு வாசலிலேயே நானும் மச்சானும் செய்துவிடலாமா என்று யோசிக்கிறேன். கெட்டுப் போனதை மட்டும் மாற்றினால் போதுமா?

கம்பம் காய்கறி லோடு:

தம்பி, ரப்பர் வாங்கும் முன் சத்தம் அங்கிருந்துதான் வருகிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். நான் ஒரு முறை கேபின் ரப்பர் என்று நினைத்துக் காசு செலவழித்த பிறகுதான் பின் பட்டை ஸ்பிரிங்கை சேஸோடு இணைக்கும் ஷேக்கில் புஷ் ஓட்டையாகிக் கிடந்தது தெரிந்தது.

எஞ்சினை அணைத்துவிட்டு, சமதரையில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் வையுங்கள். மச்சான் கதவுத் தூணைப் பிடித்து கேபினை மட்டும் முன்னும் பின்னும் ஆட்டட்டும். நீங்கள் கீழிருந்து, ரப்பர் உட்காரும் பிராக்கெட்டுகளை ஒவ்வொன்றாகப் பாருங்கள். நல்ல ரப்பர் என்றால் கேபினும் ரப்பரும் ஒட்டிக்கொண்டு சேர்ந்து அசையும். செத்த ரப்பர் என்றால் அது தன் இடத்திலேயே கிடக்கும், அதற்கு மேல் கேபின் மட்டும் எழும்பி இறங்கும், நடுவில் வெளிச்சம் தெரியும். அந்த வெளிச்சம் தெரிந்தால் வேறு சோதனை தேவையில்லை.

கிளட்சை விட்டு வண்டி நகரும் நொடியில் மட்டும் ‘டக்’ என்றால் பின் சக்கரத்துக்கு விசை கொண்டுபோகும் புரோப்பல்லர் ஷாஃப்ட்டின் கிராஸ் ஜாயிண்ட்டைப் பாருங்கள். நின்ற இடத்தில் ஐடிலில் அதிர்ந்தால் எஞ்சின் மவுண்டிங். ஒற்றைச் சக்கரம் மேட்டில் ஏறும்போது சாய்ந்து அடிக்கிறது என்று நீங்கள் சொல்வது கேபின் ரப்பரின் குணம்தான். இருந்தாலும் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

திருச்செங்கோடு பட்டறை:

முப்பது வருடமாக போர்வெல் ரிக் வண்டி, லாரி, பிக்கப் என்று கேபினும் பாடியும் ஏற்றி இறக்குகிறவன். இது தெரிந்த வேலை என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் அந்த டயர்த் துண்டு. தயவுசெய்து வேண்டாம். காரணம் என்னவென்றால், ஒவ்வொரு மவுண்டிலும் மேலே ஒரு ரப்பர், கீழே ஒரு ரப்பர், இரண்டின் நடுவே போல்ட் நுழையும் ஒரு இரும்பு ஸ்லீவ் (குழாய்த் துண்டு) இருக்கும். மேல் ரப்பர் கேபின் எடையைத் தாங்குகிறது. கீழ் ரப்பர், கேபின் மேலே துள்ளும்போது பிடித்து இழுக்கிறது. போல்ட்டை இறுக்கும்போது அந்த இறுக்கம் போய் நிற்க வேண்டியது ஸ்லீவில், ரப்பரில் அல்ல. ரப்பர் எவ்வளவு அமுங்கலாம் என்பதை ஸ்லீவின் நீளம்தான் தீர்மானிக்கிறது. டயரைச் சொருகி இறுக்கினால் ஸ்லீவ் இல்லாமல் முழு இறுக்கமும் ரப்பர் மேல் விழும். ஒரு மாதம் சத்தம் இருக்காது. அப்புறம் துண்டு நசுங்கி, போல்ட் தளர்ந்து, பிராக்கெட் ஓட்டையை அறுக்க ஆரம்பிக்கும். வட்ட ஓட்டை முட்டை வடிவம் ஆகி வந்த வண்டிகளை நிறையப் பார்த்திருக்கிறேன். அதில் டயருக்குள் கம்பி இருந்தால் இன்னும் மோசம்.

கேபினை இறக்கத் தேவையில்லை. 40, 50 மில்லிமீட்டர் தூக்கினால் போதும். ஆனால் அந்த 50 மில்லிமீட்டருக்கு எது எது தடை என்று பார்ப்பதில்தான் பாதி வேலை இருக்கிறது. கேபினில் ஒரு முனையும் சேஸில் மறுமுனையும் உள்ள எல்லாவற்றையும் வரிசையாகத் தேடுங்கள்: ஸ்டியரிங் ராடு, பிரேக் பைப், கிளட்ச் லைன், ஆக்சிலரேட்டர், ஹேண்ட் பிரேக் கேபிள், எர்த் ஒயர், ஹீட்டர் இருந்தால் அதன் ஹோஸ். ரேடியேட்டர் சேஸில் உட்கார்ந்திருக்கிறதா, முன் பாடியோடு சேர்ந்து எழும்புகிறதா என்று பாருங்கள். கூட எழும்பும் என்றால் ஃபேன் அதன் கூண்டில் இடிக்கும், ஹோஸும் இழுபடும். தூக்கும்போது ஒருவர் பானெட்டைத் திறந்து அங்கேயே பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். ஸ்டியரிங் ஜாயிண்ட் போல்ட்டைக் கழற்றுவதாக இருந்தால் இரண்டு துண்டிலும் சேர்த்து ஒரே கோடாகப் பெயிண்ட் அடையாளம் வைத்துவிட்டுக் கழற்றுங்கள். மாட்டும்போது ஒரு பல் மாறினால் ஸ்டியரிங் வீல் கோணலாக நிற்கும்.

போல்ட்டுக்கு மூன்று நாள் முன்பே தொடங்குங்கள். கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, காலை மாலை துரு இளக்கும் டபிள்யூ.டி. 40 ஸ்பிரே அடியுங்கள், இல்லையென்றால் டீசல் விடுங்கள். கழற்றும் நாளில் முதலில் இறுக்கும் பக்கமாக ஒரு துளி திருப்புங்கள். ‘டிக்’ என்று துரு உடையும் சத்தம் கேட்கும். அப்புறம் கழற்றும் பக்கம் திருப்புங்கள். கால் சுற்று கழற்று, கொஞ்சம் இறுக்கு, மறுபடி கழற்று. ஒரே மூச்சில் பைப் போட்டு இழுத்தால் தலை போய்விடும்.

ஒரு பக்கத்துப் போல்ட்டுகளை முழுதாக எடுங்கள். மறுபக்கத்தை நான்கைந்து சுற்று தளர்த்தி விடுங்கள், எடுக்காதீர்கள். அது கீல் மாதிரி கேபினைப் பிடித்துக்கொள்ளும். ஜாக்கியைத் தரைத் தகட்டில் நேராக வைக்காதீர்கள், தகடு குழிந்து போகும். கேபினுக்கு அடியில் ஓடும் சேனலில், அரை அடி அகல மரக்கட்டை கொடுத்துத் தூக்குங்கள். தூக்கியதும் சேஸுக்கும் கேபினுக்கும் நடுவே நல்ல கட்டையாக முட்டுக் கொடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அந்த இடுக்கில் கையை விடவே கூடாது. இதைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

ரப்பரை எடுக்கும்போது பிராக்கெட்டின் மேல் தகடு வாஷர் ஏதாவது கிடக்கிறதா என்று பாருங்கள். கேபினைச் சமன் செய்யப் போட்டிருப்பார்கள். எந்த இடத்தில் எத்தனை என்று எழுதி வையுங்கள்.

எல்லாவற்றையும் மாற்றுவதுதான் நல்லது. பார்வைக்குப் பரவாயில்லை என்கிற ரப்பரும் பதினான்கு வருடம் அமுங்கியதுதான். பின்னால் மட்டும் புதிது போட்டால் கேபின் முன்பக்கம் சாய்ந்து, கதவு இப்போது இடிப்பதற்கு எதிர்மாறாக இடிக்கும்.

மண்டபம் மீன்வண்டி:

அண்ணே, ரொம்ப நன்றி. கம்பம் அண்ணன் சொன்ன சோதனையைச் செய்தேன். டிரைவர் பக்கம் பின்னால் வெளிச்சம் நன்றாகத் தெரிகிறது. கிளீனர் பக்கம் (இடது பக்கம்) பின்னாலும் லேசாகத் தெரிகிறது. முன்னால் இல்லை. மொத்த செட்டே வாங்கிவிடுகிறேன். பாலியூரித்தேன் புஷ் போட்டால் காலத்துக்கும் உழைக்கும் என்று ஒருவர் சொன்னார். அதைப் போடலாமா? உருண்டையாகிப் போன அந்த ஒரு போல்ட்டுக்கு என்ன செய்வது?

கூடலூர் கேம்பர்:

பாலியூரித்தேன் பற்றி நான் சொல்கிறேன், என் பொலேரோ கேம்பரில் (இரட்டை கேபின் பிக்கப்) மூன்று வருடமாக அதுதான் இருக்கிறது. டீசல், ஆயில் பட்டாலும் ஊதிப் போவதில்லை, நசுங்கவும் இல்லை. மலைப்பாதையில் வளைவுக்கு வளைவு கேபின் ஆடுவது நின்றது. ஆனால் ஐடிலில் கண்ணாடி அதிர்கிறது, டாஷ்போர்டில் வைத்த சாவி நடந்து போகிறது. நான் ஒரு நாளைக்கு 40 கிலோமீட்டர்தான் ஓட்டுகிறேன், எனக்குச் சரி. நீங்கள் மதுரைக்குப் போய் வர 300 கிலோமீட்டருக்கு மேல், அதுவும் ராத்திரியில். அவ்வளவு நேரம் அந்த அதிர்வு முதுகில் ஏறும். நல்ல ரப்பரே போடுங்கள்.

திருச்செங்கோடு பட்டறை:

கூடலூர்க்காரர் சொல்வதே என் கருத்தும். கம்பெனி செட் கிடைத்தால் அதுவே வாங்குங்கள். கிடைக்காவிட்டால் சென்னை ஜி.பி. ரோட்டில் கேட்டுப் பாருங்கள். சென்னை புதுப்பேட்டை, கோவை உக்கடம் பக்கம் பிரித்த வண்டியின் பழைய ரப்பர் மலிவாகக் கிடைக்கும். பிராக்கெட், போல்ட் வேண்டுமானால் அங்கே வாங்கலாம், ரப்பர் மட்டும் பழையது வாங்காதீர்கள். புதிது வாங்கும்போது நகத்தால் அழுத்திப் பாருங்கள். நகம் லேசாகப் பதிந்து உடனே மறைய வேண்டும். பதியவே இல்லை என்றால் அது வெறும் கல். செட்டில் ஸ்லீவ் வந்திருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். ஸ்லீவ் இல்லாமல் வெறும் ரப்பர் மட்டும் விற்கிறார்கள்.

முத்துநகர் வெல்டர்:

அந்த உருண்டைப் போல்ட் பற்றி. நான் தூத்துக்குடி. உப்பு வண்டி, மீன் வண்டி வேலைதான் எனக்கு அதிகம்.

போல்ட் தலை உருண்டையானது பெரிய விஷயமில்லை. அதன் மேல் ஒரு பெரிய நட்டை வைத்து உள்ளே நிரப்பி வெல்டு அடித்தால் புதுத் தலை கிடைத்துவிடும். வெல்டிங் சூட்டிலேயே துருவும் விடும். உண்மையான சிக்கல் மேலே இருக்கிறது. கேபின் தரைக்கு உள்ளே, பெட்டி மாதிரி மூடிய சேனலுக்குள் நட்டை வெல்டு வைத்து ஒட்டியிருந்தால், உப்புக்காற்றில் அந்த ஒட்டு அறுந்திருக்கும். கீழே போல்ட்டைத் திருப்பினால் மேலே நட்டும் சேர்ந்து சுற்றும். அப்போது ஆத்திரப்பட்டு போல்ட்டை அறுக்காதீர்கள். சீட்டைக் கழற்றி, தரை விரிப்பை (மேட்) எடுத்து, நட்டுக்கு நேர் மேலே தரைத் தகட்டில் மூன்று பக்கம் மட்டும் அறுத்து ஜன்னல் மாதிரி மடித்துத் திறங்கள். ஸ்பேனரால் நட்டைப் பிடித்துக்கொண்டு கழற்றுங்கள். வேலை முடிந்ததும் மடித்து மூடி, ஒட்டி, சீலண்ட் பூசிவிடலாம்.

சூடு காட்டும் முன் பேட்டரியின் இரண்டு முனையையும் கழற்றுங்கள். எர்த் கிளாம்ப்பை வெல்டு அடிக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே போடுங்கள். டீசல் பைப் எங்கே ஓடுகிறது என்று முதலில் பார்த்து, நனைத்த சாக்கால் மூடுங்கள். மேலே மேட், அடியில் இருக்கும் பஞ்சு இரண்டையும் எடுத்துவிடுங்கள். அந்தப் பஞ்சுதான் சத்தமில்லாமல் பற்றும். பக்கெட் தண்ணீரோடு ஒருவர் கேபினுக்குள் பார்த்துக்கொண்டு நிற்கட்டும். மூன்று நாளாக டீசல் விட்ட இடத்தில் நன்றாகத் துடைத்துக் காயவிடாமல் நெருப்பைக் கொண்டுபோகக் கூடாது.

மண்டபம் மீன்வண்டி:

வேலை முடிந்தது. சொன்னபடி எழுதுகிறேன், இனி செய்கிறவர்களுக்கு உதவும்.

ஏப்ரல் கடைசி வாரம் தொடங்கினோம். முன்பக்கம், டிரைவர் பக்கம், அந்த உருண்டைப் போல்ட் தவிர எல்லாம் 17 நம்பர் ரிங் ஸ்பேனரிலேயே வந்துவிட்டன. அந்த ‘டிக்’ சத்தத்தை ஒவ்வொன்றிலும் கேட்டோம். உருண்டைப் போல்ட்டுக்கு உள்ளூர் வெல்டர் ஒருவர் வந்து நட்டு ஒட்டிக் கொடுத்தார். ஆனால் முத்துநகர் அண்ணன் சொன்னது கிளீனர் பக்கம் நடந்தது. போல்ட் சுற்றுகிறது, வெளியே வரவே இல்லை. மேட்டைத் தூக்கினால் அடியில் பஞ்சு முழுக்க ஈரம், கையில் உப்பு ஒட்டுகிறது. ஜன்னல் அறுத்துத்தான் எடுத்தோம். அந்த ஒரு போல்ட்டுக்கு மட்டும் அரை நாள் போனது.

பழைய ரப்பரையும் புதியதையும் திண்ணையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். புதியது நடுவில் ஓட்டை போட்ட உளுந்த வடை மாதிரி, 34 மில்லிமீட்டர் உயரம். பழையது தட்டை மாதிரி, 19 மில்லிமீட்டர். அதன் நடுவில் ஸ்லீவ் இருக்கவேண்டிய இடத்தில் துரு வளையம் மட்டும்தான் இருந்தது, விரலால் நசுக்கியதும் உதிர்ந்தது. நான் வாங்கிய செட்டில் ஒரு ஸ்லீவ் குறைந்தது. லேத்தில் கொடுத்து, மற்றொரு ஸ்லீவை அளவு காட்டிக் கடைந்து வாங்கினேன்.

டிரைவர் பக்கப் பின் பிராக்கெட்டில் ஓட்டை நீண்டு போயிருந்தது. கனமான வாஷர் ஒன்றை மேலே வைத்து ஒட்டி ஓட்டையைச் சரி செய்தோம். துருவைத் தேய்த்து ரெட் ஆக்சைடு பெயிண்ட், மேலே கறுப்பு பெயிண்ட். ரப்பர் உள்ளே போகச் சோப்புத் தண்ணீர் மட்டும் பூசினோம், போல்ட்டுக்கும் ஸ்லீவுக்கும் கிரீஸ். எல்லாப் போல்ட்டையும் கையால் மாட்டிய பிறகுதான் கேபினை இறக்கினோம். முழு எடையும் உட்கார்ந்த பிறகு இறுக்கினோம். செலவு: ரப்பர் செட், லேத், வெல்டிங் எல்லாம் சேர்த்து 4,300 ரூபாய்.

கேபின் நிமிர்ந்ததும் கதவு ஒரு விரலால் தள்ளினாலே பூட்டுகிறது. கீல் கெட்டுவிட்டது என்று போன வருடம் அதைத் தட்டி வளைத்த டிங்கர் வேலையே தேவையில்லாதது. அந்தக் கீலை இப்போது திரும்ப நேராக்க வேண்டியிருந்தது. கியர் லிவர் எங்கும் உரசவில்லை.

ஒன்று கேட்க வேண்டும். பின் ரப்பர்கள் மட்டும் ஏன் இப்படி முதலில் செத்தன என்று யோசித்து, மீன் ஏற்றும் பின் தொட்டியில் தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். பிரேக் பிடித்தால் ஐஸ் தண்ணீர் முன்னால் ஓடி வந்து, தொட்டியின் முன் விளிம்பு இடுக்கு வழியாக நேராக அந்த இரண்டு பிராக்கெட் மேல்தான் ஊற்றுகிறது. பத்து வருடமாக ஒவ்வொரு ராத்திரியும் உப்புத் தண்ணீர். இடுக்கை சீலண்டால் அடைத்து, தொட்டியின் பின் மூலையில் வடிகால் ஓட்டை போட்டு ஒரு ஹோஸ் மாட்டியிருக்கிறேன். அது போதுமா?

முத்துநகர் வெல்டர்:

சீலண்ட் தொட்டியின் ஆட்டத்தில் விரிந்துவிடும். விளிம்பில் ஓர் அங்குல எல் ஆங்கிள் ஒட்டி, தண்ணீர் ஓரத்துக்கு ஓடுகிற மாதிரி விடுங்கள். பிராக்கெட்டுக்கு மேல் லாரி மட்கார்டு ரப்பரில் ஒரு துண்டு தொங்கவிட்டால் இன்னும் நல்லது. லோடு இறக்கியதும் மதுரையிலேயே நல்ல தண்ணீரில் கேபின் அடியைக் கழுவிவிட்டுக் கிளம்புங்கள். ஊர் வந்து காலையில் கழுவலாம் என்று விட்டால் உப்பு அங்கேயே காய்ந்துவிடும்.

திருச்செங்கோடு பட்டறை:

நல்ல வேலை தம்பி. 500 கிலோமீட்டர் ஓடியதும் எல்லாப் போல்ட்டையும் ஒரு முறை ஸ்பேனர் போட்டுப் பாருங்கள். புது ரப்பர் கொஞ்சம் உட்காரும். அறுத்த ஜன்னலின் சீலண்டையும் மேலிருந்து பாருங்கள்.

மண்டபம் மீன்வண்டி:

ஜூன் 15-க்குப் பிறகு இரண்டு நடையில் 500 தாண்டிவிட்டது. டிரைவர் பக்கம் முன்னால் ஒன்று மட்டும் கால் சுற்று ஏறியது, மற்றவை அசையவில்லை. ஆங்கிள் ஒட்டியாகிவிட்டது. நேற்று ராத்திரி பாலத்தில் அப்பாவையும் பக்கத்தில் உட்காரவைத்துப் போனேன். பாதிப் பாலம் தாண்டிய பிறகு, “எங்கேடா அந்தச் சத்தம்?” என்று கேட்டார்.